டெலிபோன் மேடும் ஒரு மஞ்சள் கயிறும்

1

மானாமதுரையில் இருக்கும் என் அக்காவிடம், தம்பி மலேசியாவில் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், "செல்போன் டவர்ல ஏறி ரிப்பேர் பாக்குறான்" என்று சொல்வாள். திருத்திப் பார்த்துச் சலித்துவிட்டேன். நான் இதுவரை ஒரு டவரிலும் ஏறியதில்லை. மாடிப்படியில் கைப்பிடி இல்லாவிட்டாலே எனக்குக் கால் நடுங்கும். சிரம்பானில் ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, நெகிரி செம்பிலான் மாநிலத்து டவர்களின் சிக்னல் எங்கே போய்ச் சேருகிறது, எங்கே சேராமல் நின்றுவிடுகிறது என்று திரையில் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

இந்த நாட்டில் வந்து இறங்கிய தேதி ஒவ்வொரு வருஷமும் வரும்போது ஒரு சடங்கு செய்வேன். சிரம்பானை ஒட்டிய பாரோயில் என் வீட்டு அடுப்படியில் நின்றபடி, நிரந்தர வசிப்புரிமைக்கு நான் கொடுத்திருக்கும் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று போனில் பார்ப்பேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். போன வருஷமும் அதுதான் வந்தது, அதற்கு முந்தைய வருஷமும் அதுதான். விண்ணப்பம் கொடுத்தபோது மகள் நிலாவுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. இப்போது இடைநிலைப் பள்ளிச் சீருடையில், ரொட்டியைக் கடித்துக்கொண்டே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ப்ராசஸ்தானா பா? நான் யுனிவர்சிட்டியே முடிச்சிருவேன் லா."

இந்த ஊரில் எந்தப் பேச்சின் கடைசியிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வையும் என் எரிச்சலையும் சுமந்துகொண்டு அலுவலகம் போனால் திரையில் ஒரு புகார் சிவப்பாக நின்றது. பகா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம், பாமாயில் எடுக்கிற பனை. புகார் கொடுத்தவர் பெயர் சரஸ்வதி. 'வீட்டில் லைன் கிடைக்கவில்லை' என்பதுதான் விஷயம். அதே புகார் முன்பு பலமுறை வந்து, பலமுறை மூடப்பட்டிருந்தது. மூடியது மனிதர் இல்லை, எங்கள் மென்பொருள். 'அப்பகுதியில் சிக்னல் மிக நன்று' என்று ஒவ்வொரு தடவையும் காரணம் எழுதியிருந்தது.

என் விண்ணப்பத்தை யாரும் மூடித் தரமாட்டேன் என்கிறார்கள், இந்த அம்மாளின் புகாரை யாரும் திறந்து வைக்கமாட்டேன் என்கிறார்கள். அன்றைய மனநிலையில் இது எனக்கு ஒரு சொந்தம் மாதிரியே பட்டது. நேரில் போய்ப் பார்ப்பதென்று கிளம்பினேன்.

2

தோட்டத்துக்குள் திரும்பும் இடத்தில், பெரிய சாலையை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது, டெலிபோன் மேடு என்பார்கள். பழைய பேருந்து நிறுத்தம். அதற்குத் தகரக் கூரையும் இரண்டு பெஞ்சுகளும் பிற்பாடு யாரோ போட்டிருந்தார்கள். வேலைநாள் முற்பகலில் அங்கே நல்ல கூட்டம். ஒருவர் நின்று பேசினார், ஒரு பெண் கையில் சாப்பாட்டுத் தட்டோடு வீடியோ அழைப்பில் இருந்தாள், ஒரு கிழவர் பேசி முடித்துவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுத்தார். என் போனைப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. 'மிக நன்று' என்று மென்பொருள் எழுதியது பொய்யில்லை.

மேட்டைத் தாண்டி ஒரு கால்வாய், அதன்மேல் சிறிய பாலம், பாலத்தடியில் முனியாண்டி கோயில். அதுதான் தோட்டத்து எல்லை. பாலத்தைக் கடந்து செம்பனைக்குள் கார் நுழைந்ததும் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஓலைகளும் ஈரமுமாக அந்த மரங்கள் சிக்னலைத் தின்றுவிடும். வீடுகள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் இல்லை.

இப்போது தோட்டத்து வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்கள்தான். தமிழ்க் குடும்பங்கள் முக்கால்வாசி செண்டாயான், சிரம்பான் என்று போய்விட்டன. மிச்சமிருக்கும் சில குடும்பங்களுக்கும் அம்மன் கோயிலுக்கும் தலைவர், ஓய்வுபெற்ற மண்டோர் கோவிந்தன். தோட்டத்தில் மண்டோர் என்றால் வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் மேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பெயர் பசியாறுவது. வந்த புதிதில் என்னிடம் யாராவது இப்படிக் கேட்டால், முகத்தைப் பார்த்துப் பட்டினி என்று கண்டுபிடித்துவிட்டார்களோ என்று மனசுக்குள் சுருங்கிப்போவேன்.

அவர் ஆள் அனுப்பிச் சரஸ்வதியக்காவை வரவழைத்தார். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த பெண், தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை. ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார்.

"நீங்கதான் அந்த மெசேஜ் அனுப்புற ஆளா தம்பி? 'உங்கள் பிரச்சினை தீர்ந்தது, நன்றி'ன்னு?"

நான் இல்லை, மெஷின் என்றேன்.

"மெஷின் ரொம்ப மரியாதையா பேசுது. ஒரு வாட்டி வீட்டு வரைக்கும் வந்து பாத்துட்டுப் பேசலாம்ல."

பிறகு விஷயத்தைச் சொன்னார். ஒரே மகள் விமலா, கடல் தாண்டிச் சரவாக்கில், மிரியில் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே வேலை. இதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இந்த முறை நிறைமாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அம்மன் கோயில் திருவிழாவில் கரகம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, பிறக்கும்வரை காத்திருக்கப் பொறுக்காமல் இந்த வருஷமே எடுக்கிறார். டாக்டர் சொன்ன தேதி திருவிழாவுக்குள் விழுகிறது. கரகம் எடுப்பவர் கையில் காப்புக் கட்டிவிட்டால், விழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. டெலிபோன் மேடு எல்லைக்கு அந்தப் பக்கம்.

"யாராவது மேட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து சொன்னா ஆகாதா, அக்கா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"முந்தி ரெண்டு வாட்டியும் அப்படித்தான் தம்பி தெரிஞ்சிச்சு. பாலத்துல இருந்து ஆள் நடந்து வர்றாங்க. கிட்ட வர்றதுக்கு முன்னாலயே, அவங்க நடக்குறதப் பாத்தே தெரிஞ்சிருச்சு. இந்த வாட்டி யாரும் எனக்கு நடந்து வந்து சொல்ல வேணாம். நல்லதோ கெட்டதோ, எம்மக வாயால எங்காதுல விழணும்."

தலைவர் எனக்கு டீ ஊற்றினார். குடித்துவிட்டுச் சரஸ்வதியக்கா வீட்டு வாசல்வரை நடந்துபோய்ச் சிக்னலை அளந்தேன்.

3

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய டவர்கள் சிக்னலை ஒரு பக்கமாகப் பரப்பி வீசிவிட்டுச் சும்மா இருக்கும். புதியவை அப்படியில்லை. ஒரு பீரோக் கதவு அளவுள்ள பலகைக்குள் குட்டிக் குட்டி ஆன்டெனாக்கள் நிறைய இருக்கும். அவை ஒன்றுசேர்ந்து சிக்னலைக் கற்றை கற்றையாக அனுப்பும். பீம் என்போம். பீமை எந்தப் பக்கமும் திருப்பலாம், அகலமாக்கலாம், கீழே இறக்கலாம். யாரும் மேலே ஏற வேண்டாம். என் கால்கள் இந்தத் தொழில்நுட்பத்துக்கு நன்றிக்கடன்பட்டவை.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மென்பொருளே முடிவு செய்கிறது. ஒவ்வொரு போனும், நான் இருக்கும் இடத்தில் சிக்னல் இவ்வளவு வருகிறது என்று டவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆட்கள் எங்கே அதிகமோ அங்கே பீம் திரும்பும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்னலே இல்லாத இடத்திலிருந்து எந்தப் போன் எப்படிச் சொல்லும்?

இந்தத் தோட்டத்துக்காரர்கள் செய்தது இன்னும் சிக்கல். வீட்டில் கிடைக்கவில்லை என்று மேட்டுக்கு நடந்தார்கள். மென்பொருள் பார்த்தது. அடடா, இந்த ஜனம் முழுக்க ஒரு பேருந்து நிறுத்தத்தில் குடியிருக்கிறது என்று முடிவுகட்டிப் பீமை அந்த மேட்டில் குவித்தது. அங்கே இன்னும் நன்றாகக் கிடைத்தது. தோட்டத்தின் மறுகோடியிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூரை போட்டார்கள், பெஞ்சு போட்டார்கள். எங்கள் வரைபடத்தில் அந்த மேடு சின்ன நகரம் மாதிரி ஜொலித்தது, வீடுகள் இருந்த இடம் காடாகக் கிடந்தது.

என் மேலாளர் லிம் நல்ல மனிதர். ஆனால் வரைபடத்தில் இல்லாததை நம்பமாட்டார்.

"அங்கே ஆள் இருந்தால் டேட்டா வரும். டேட்டா வரவில்லை என்றால் ஆள் இல்லை" என்றார்.

"நான் நேரில் பார்த்தேன். டீ கொடுத்தார்கள்."

"டீயை ரிப்போர்ட்டில் சேர்க்க முடியாது."

கையால் பீமைத் திருப்ப மேலிடத்து அனுமதி வேண்டும், அனுமதிக்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் வீடுகளிலிருந்து வர வேண்டும். ஒரே ஒரு வழி இருந்தது. வீட்டு வாசல்களில் சில நேரம் மெலிசாக ஒரு கோடு எட்டிப் பார்த்துவிட்டு மறையும். அப்போது பேச முயன்றால் அழைப்பு அறுந்துபோகும். அறுந்த இடத்தைப் போன் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து நல்ல சிக்னல் கிடைக்கும்போது டவரிடம் முறையிடும். ஆக, எனக்கு வேண்டியது தோல்விகள். நிறைய, ஒழுங்கான தோல்விகள்.

தலைவர் மேட்டுக்கு வந்திருந்த நேரமாகப் பார்த்துப் போனில் விளக்கினேன். எல்லாரும் வீட்டிலிருந்தே முயற்சி பண்ணட்டும், கிடைக்காவிட்டாலும் பண்ணட்டும், கட்டானாலும் திரும்பப் பண்ணட்டும் என்று விலாவாரியாகச் சொன்னேன். "அது ஒன்னும் பெரிய விஷயம் இல்ல லா, மைக்குல சொல்லிருவோம்" என்றார்.

4

அடுத்த வாரம் வரைபடத்தைத் திறந்தேன். வீடுகள் இருந்த பக்கம் பழையபடி காடு. மேடு முன்னைவிடப் பெரிதாக ஜொலித்தது. அழைப்புகள் பெருகியிருந்தன, ஒன்றிரண்டைத் தவிர எதுவும் அறுந்திருக்கவில்லை. போதாததற்கு, அழைப்பு முடிந்ததும் எங்கள் நிறுவனம் கேட்கும் மதிப்பெண்ணுக்கு ஆளாளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். பீம் இன்னும் கொஞ்சம் மேட்டின் பக்கமே சாய்ந்திருந்தது. லிம் என் மேஜைக்கு வந்து, மிகத் திருப்தியான வாடிக்கையாளர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டத்துக்குப் பறந்தேன். தலைவர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"எப்படி சார், நல்லா வந்திச்சா? வேலையில்லாத புள்ளைங்களையெல்லாம் மேட்டுல உக்கார வெச்சிட்டேன். ஷிப்ட் போட்டு பேசுனாங்க."

"தலைவரே, வீட்டிலிருந்து பண்ணச் சொன்னேனே."

"பண்ணிப் பாத்தோம். பட்டு பட்டுன்னு கட்டாவுது. இதெல்லாம் உங்க ஆபீஸ்ல தெரியும்னீங்க. நமக்காக அவ்ளோ தூரத்துல இருந்து வந்த மனுசன், அவரு பேருல இவ்ளோ கெட்ட மார்க்கு போனா நல்லாவா இருக்கும்? அதான் எல்லாரையும் மேட்டுக்கு ஏத்தி நல்ல மார்க்கா போட வெச்சேன்."

எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. என் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று ஒரு தோட்டமே கிளம்பிவந்து வெயிலில் உட்கார்ந்து பேசியிருக்கிறது. நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் எனக்காக யாரும் இவ்வளவு செய்ததில்லை. செய்ததன் பலன், சரஸ்வதியக்காவின் வீட்டு வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒற்றைக் கோடும் போய்விட்டது.

சரஸ்வதியக்காவிடம் போய்ச் சொன்னேன். "அடுத்த வாரம் காப்புக் கட்டு, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

5

திரும்பி வரும்போது கோலப்பிலா தாண்டி மலைப்பாதையில் வண்டி ஓட்டுகையில்தான் உறைத்தது. மேட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் தொண்டை கிழியச் சொன்னாலும் போவார்கள், எனக்கு நல்லது என்று நினைத்துப் போவார்கள். அம்மன் சொன்னால் போகமாட்டார்கள். காப்புக் கட்டியவர் பாலத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் தோட்டம் முழுக்கக் காப்புக் கட்டினால் மேடு காலி. விழாவுக்காகச் செண்டாயானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வரும் பழைய தோட்டத்துப் பிள்ளைகள், கையில் போனோடு உள்ளே நின்று லைன் லைன் என்று தவிப்பார்கள். நான் கேட்ட தோல்விகள் தானாக வந்து குவியும், மேலிடத்தைக் கேட்காமல் மென்பொருளே பீமை வீடுகள் பக்கம் திருப்பிவிடும்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ச் சொன்னதும் தலைவர் காது கொடுத்துக் கேட்டார். "முந்தியெல்லாம் வீட்டுக்கு வீடு கட்டுவாங்க. இப்பத்தான் கரகம், காவடி எடுக்குறவங்க மட்டும். கட்ட வெச்சிரலாம். ஆனா ஒன்னு, நீங்களும் கட்டிக்கணும். சொல்லிட்டு நீங்க மட்டும் ஜாலியா பாரோய்க்குப் போனா நல்லா இருக்காது."

பள்ளி விடுமுறை. என் மனைவிக்கு மருந்தகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. நிலாவை அழைத்துக்கொண்டு போனேன். பூசாரி என் கையை இழுத்து மஞ்சள் கயிற்றைக் கட்டி இறுக்கினார். விழா முடியும்வரை இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது என்றார். இங்கேயே இருந்துகொள்ள அனுமதி கேட்டு எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறேன். அந்தப் பூசாரி அதை ஒரு நிமிஷத்தில் முடித்துக் கையிலே கட்டிவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கயிற்றைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

நிலா சரஸ்வதியக்கா வீட்டில் தங்கினாள். அவள் தமிழ் பேசுவதில்லை என்று மானாமதுரை அக்காவிடம் நான் போனில் புலம்பாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தோட்டத்தில் அவள் வாய் ஓயவில்லை. "சும்மா இருங்க லா ஆன்ட்டி, நான் தூக்குறேன்", "இந்த பாசார் மீன் நல்லா இல்ல" என்று, சந்தையைக்கூடப் பாசார் ஆக்கி, அந்த ஊர்க்காரி மாதிரியே பேசினாள். நான் ஒன்று சொன்னால், "அப்பா என்னா சொல்றாருன்னா" என்று எனக்காக மொழிபெயர்த்தாள். அவள் தமிழை விட்டுப் போகவில்லை, என் தமிழைத்தான் விட்டுப் போயிருக்கிறாள். அதைத் தோட்டத்தில் வைத்துத்தான் கண்டுகொண்டேன், ஆறுதலா வருத்தமா என்று இன்னும் தெரியவில்லை.

முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. சரஸ்வதியக்கா வேலைக்கு நடுவே போனை எடுத்துப் பார்ப்பார், முந்தானையில் துடைப்பார், இடுப்பில் செருகிக்கொள்வார். பாலத்துப் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டார். வெளியே போய் மடிக்கணினியில் வரைபடத்தைப் பார்க்கலாம் என்றால் என் கையிலும் கயிறு. மனசுக்குள் கணக்குப் போட்டேன். அறுந்த அழைப்புகளைப் போன்கள் சேர்த்து வைத்திருக்கும், ஆனால் முறையிட நல்ல சிக்னல் வேண்டுமே. அந்த முறையீடு, கயிறு கட்டாமல் பகாவுக்கும் தோட்டத்துக்கும் பூவும் அரிசியும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த லாரிக்காரர்களின் போன்கள் மூலமாகவும், பகலில் வந்து மாலையில் திரும்பியவர்களின் போன்கள் மூலமாகவும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கரகத்துக்கு முந்தின நாள் பந்தலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தபோது நிலா சாதாரணமாகச் சொன்னாள்.

"பா, வீடியோ போயிருச்சு."

"எங்கே போயிருச்சு?"

"அப்லோட் ஆயிருச்சு பா. லைன் இருக்கு."

பந்தல் முழுக்கப் போன்கள் மணியடிக்க ஆரம்பித்தன. சேர்ந்துகிடந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. நான் எழுந்து நடந்தேன், வீட்டு வரிசையின் கடைசிவரை. சரஸ்வதியக்காவின் வாசலில் இரண்டு கோடுகள், திண்ணமாக. அவர் மிரிக்கு அழைத்தார். மருமகன் எடுத்து, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறது, இன்னும் நேரமிருக்கிறது என்றான்.

6

மறுநாள் காலை தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஓடைக்கரையில் கரகம் ஜோடித்தார்கள். கரகம் தலையில் ஏறிவிட்டால் கோயிலில் இறக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. இந்தத் தோட்டத்து வழக்கம் அது. போனைச் சரஸ்வதியக்கா நிலாவிடம் கொடுத்து, "வந்தா எங்காதுல வெய்யி" என்று சொன்னார். அதன் பிறகு அவர் பேசவில்லை.

பாதி வழியில் மணி அடித்தது. நிலா ஓடிப்போய்ப் போனை அவர் காதில் வைத்தாள். தலைவர் கையை உயர்த்தினார், உறுமி மேளம் நின்றது. அந்தச் செம்பனைப் பாதையில் அத்தனை பேரும் அப்படியே நின்றோம்.

சத்தமில்லாத இடத்தில் போன் பேச்சு எல்லாருக்கும் கேட்டது. முதலில் ஒரு குழந்தையின் அழுகை, நல்ல கோபமான அழுகை. பிறகு விமலாவின் குரல், களைத்துப்போய்.

"அம்மா, பொம்பளப் புள்ளம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். கேக்குதா?"

சரஸ்வதியக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மஞ்சள் பூசிய கன்னத்தில் இறங்கியது. உதடுகள் இறுகியிருந்தன. தலையில் கரகம் லேசாக நடுங்கியது.

"அம்மா? கேக்குதாம்மா?"

நிலா பதில் சொல்வதற்காகப் போனை எடுக்கப் போனாள். அவர் கன்னம் போனோடு சேர்ந்து வந்தது, கரகம் ஒரு பக்கம் சாய்ந்தது. பயந்துபோய்க் கையை அப்படியே வைத்துக்கொண்டாள். கரகம் விழுந்துவிடுமோ என்று விழா எடுக்கும் ஜனம் முழுக்க மூச்சுக்கூட விடாமல் நின்றது. குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

"சே, இன்னும் அங்க லைன் இல்லங்க" என்று யாரிடமோ விமலா சொல்வது கேட்டது. அழைப்பு நின்றுவிட்டது.

தலைவர் மேளத்தைப் பார்த்துத் தலையசைத்தார். சரஸ்வதியக்கா நடந்தார். கோயிலில் கரகத்தை இறக்கிய கையோடு போனை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். வெகுநேரம் பேச்சுச் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. அன்று அந்த வீட்டை நோக்கி யாரும் பாலத்திலிருந்து நடந்து வரவில்லை.

7

இப்போது மேட்டில் ஆளில்லை. எல்லாரும் வீட்டிலிருந்தே பேசுவதால் பீமும் வீடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தானியங்கி முறை தானாகவே தோட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்று லிம் ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார். நான் கை தட்டினேன். விழா முடிந்து எல்லாரும் அவிழ்த்துவிட்ட கயிறு என் கையில் மட்டும் இன்னும் இருக்கிறது, நிறம் போய்விட்டது.

போன திங்கட்கிழமை, பல கைகள் மாறி ஒரு புகார் என்னிடம் வந்து சேர்ந்தது. மிரியிலிருந்து விமலா என்பவர் கொடுத்தது. ஒரு அழைப்புக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'எதிர்முனையில் சத்தமே இல்லை' என்று எழுதியிருந்தார். சம்பந்தப்பட்ட இடம் எங்கள் தோட்டம். அம்மா திரும்ப அழைத்து விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே அழுத்தியிருப்பாள், பிறகு மறந்திருப்பாள். சிக்னலைப் பார்த்தேன், மிக நன்று. மூடுவதற்குக் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கருவிப் பழுது, டவர் பழுது, வாடிக்கையாளர் தவறு.

மூன்றையும் மாறி மாறிப் பார்த்தேன். நாங்கள் ஓடைக்கரைப் பாதையில் நின்றதும், அந்த அழுகையும், எதிர்முனையில் சத்தமில்லாமல் ஒரு முகம் நனைந்ததும் ஞாபகம் வந்தன. இதை மூட எனக்குக் கை வரவில்லை. மென்பொருளும் மூடிவிடாதபடி பூட்டிவிட்டு, நிலை என்ற இடத்தில் எனக்கு மனப்பாடமான வாசகத்தை எழுதினேன்.

'பரிசீலனையில் உள்ளது.'